நடக்கிறது சுகம், காசு சேர்க்கிறதுதான் பாடு
(வாசகர் கேள்வி – பதில்)

விலங்குகளுக்காக நடைபவனி வைத்துப் பணம் சேர்ப்பது பற்றி வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். தெருநாய்க்குக் கருத்தடை, கட்டாக்காலி மாட்டுக்கு இரவில் மின்னும் கழுத்துப் பட்டி, அடிபட்ட விலங்குக்கு மருந்து என்று நோக்கம் ஊருக்கு ஊர் வேறு. நடக்கிறவர் நன்கொடைத் தாள் ஒன்றைக் கொண்டுபோவார். நடக்கும் கிலோமீற்றருக்கு இவ்வளவு, அல்லது மொத்தமாக இவ்வளவு தருகிறேன் என்று மற்றவர்கள் அதில் எழுதுவார்கள். சிக்கல்தான் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கிறது.

கேள்வி: எங்கள் இளைஞர் கழகம் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்விக்க ஐந்து கிலோமீற்றர் நடைபவனி வைக்கப்போகிறது. நன்கொடைத் தாளைக் கொண்டுபோனால் எல்லோரும் நூறு ரூபா எழுதிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். கூடுதலாக எழுதவைக்க வழி உண்டா?
– கிளிநொச்சி வாசகி

பதில்: நூறு ரூபா எழுதுகிறவரைக் கஞ்சன் என்று எண்ணவேண்டாம். எவ்வளவு எழுதுவது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. மேல் வரியைப் பார்த்துத் தன் வரியை எழுதுகிறார். தாளின் தலையில் 100 இருந்தால் அடி வரைக்கும் 100 தான் இறங்கும். ஆகவே தாளைத் தெருவுக்குக் கொண்டுபோகமுன், கூடுதலாகத் தரக்கூடிய இரண்டு மூன்று பேரை நேரில் கண்டு முதல் வரிகளை நிரப்பிக்கொள்ளுங்கள். அவர்கள் உண்மையாகவே தருகிறவர்களாக இருக்கவேண்டும். சும்மா ஒரு பெயரைப் போட்டு 5,000 என்று எழுதிவைத்தால் ஊருக்குள் அது ஒரு கிழமைகூட மறைந்திருக்காது.

அடுத்தது, தொகையை ரூபாவில் கேளாமல் நாயில் கேளுங்கள். கால்நடை வைத்தியரிடம் ஒரு பெண்நாய்க்குக் கருத்தடை செய்ய என்ன செலவு என்று எழுத்தில் வாங்குங்கள். அதில் சத்திரசிகிச்சை, மயக்கமருந்து, தையல்நூல், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எல்லாம் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நாயைப் பிடித்து ஏற்றி இறக்கும் ஆட்டோக் கூலியும், புண் ஆறும் வரை கூட்டில் வைத்துச் சாப்பாடு போடும் செலவும் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு, ஒரு நாய்க்கு 6,000 ரூபா வருகிறது என்று வைப்போம். ஐந்து கிலோமீற்றர் நடையில் கிலோமீற்றருக்கு 1,200 தருபவர் ஒரு நாய்க்குத் தருகிறார். 600 என்றால் அரை நாய், 300 என்றால் கால் நாய். இந்த மூன்று தொகையையும் தாளின் மேலே பெரிதாக அச்சடித்துவிடுங்கள். கேட்கும்போது இப்படிக் கேட்கலாம்:

“அண்ணை, சனிக்கிழமை அஞ்சு கிலோமீற்றர் நடக்கிறம். கிலோமீற்றருக்கு முந்நூறு போட்டியள் எண்டால் நாலு பேர் சேர்ந்து ஒரு நாய்க்குச் செய்துபோடலாம்.”

சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். “முடிஞ்சதைத் தாங்கோ” என்று நீங்களே தொடர்ந்து சொன்னால் முந்நூறு அந்த இடத்திலேயே நூறாகிவிடும்.

ஏன் பெண்நாய் என்று கேட்பார்கள். பெண்நாய் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் 63 நாள் அளவில். வருடத்தில் இரண்டு தடவை குட்டி போடக்கூடிய ஒரு நாயை நிறுத்துகிறோம் என்றால் கேட்பவருக்கு உடனே விளங்கும். விசர்நோய்த் தடுப்பூசிச் செலவைத் தாளில் போடாதீர்கள். அந்த ஊசியைச் சுகாதாரத் துறை நாய்களுக்கு இலவசமாகவே போடுகிறது. இது தெரிந்த ஒருவர் தாளைப் பார்த்தால் மற்றக் கணக்கையும் நம்பமாட்டார்.

தாளில் எட்டு நிரல்கள் போதும்: பெயர், ஊர், தொலைபேசி, கிலோமீற்றருக்கு எவ்வளவு, அல்லது மொத்தமாக எவ்வளவு, உச்சத்தொகை, எப்போது எப்படித் தருவார், பற்றுச்சீட்டு இலக்கம். கடைசியிலிருந்து இரண்டாவது நிரலைத்தான் எல்லோரும் வெறுமையாக விடுகிறார்கள். பிறகு காசு வராமல் போவதும் அதனால்தான். “ஞாயிறு காலை வீட்டில்”, “சம்பளம் 25ஆம் திகதி” என்று அவர் வாயாலேயே ஒரு நாளைச் சொல்லவைத்து எழுதுங்கள். உச்சத்தொகையும் முக்கியம். பாடசாலை மைதானத்தைச் சுற்றும் நடையென்றால் இன்னும் முக்கியம். சுற்றுக்கு 50 ரூபா என்று எழுதிய பெரியவர், பிள்ளை ஐந்தாறு சுற்றோடு களைத்துவிடும் என்று நினைத்திருப்பார். பிள்ளை நாற்பது சுற்று நடந்துவிட்டு 2,000 ரூபாவுக்கு வந்து நின்றால் அடுத்த வருடம் படலையைத் திறக்கமாட்டார்.

ஒரு தாளில் பத்து வரிக்கு மேல் வேண்டாம். பத்து வரியை நிரப்பியவர் இன்னொரு தாள் கேட்பார். நாற்பது வரித் தாளோ பாதி வெறுமையாக மேசை லாச்சிக்குள் கிடக்கும்.

கேள்வி: எங்கள் பக்கம் எல்லாரும் வயல்காரர். “காசு இல்லைத் தம்பி, நெல்லு வேணுமெண்டால் தாறம்” என்கிறார்கள். நெல்லை வாங்கலாமா, தலையிடியாகுமா?
– மாங்குளம் வாசகர்

பதில்: தாராளமாக வாங்கலாம். வன்னியில் காசுத்தாளைவிட நெல்தாளுக்குக் கை தாராளமாக நீளும். ஆனால் முறையாகச் செய்யாவிட்டால் நீங்கள் சொன்ன தலையிடி நிச்சயம்.

முதலில் காலம். பட்டிப்பொங்கலை ஒட்டி, மழை விட்டு வெயில் ஏறமுன் நடையை வைப்பது உடம்புக்கு நல்லது. ஆனால் அந்த நாட்களில் கமக்காரர் கையில் காசு இராது. உரம், களைநாசினி, உழவுக்கூலி எல்லாம் கடனில் நிற்கும். காலபோக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் முடிந்த பிறகுதான் கை நிமிரும். ஆகவே நடையைத் தையில் வைத்து, நெல்லை “வெட்டு முடிந்து ஒரு கிழமைக்குள்” என்று எழுதி வாங்குங்கள்.

அளவைக் கிலோவில் எழுதுங்கள். மூடை என்று எழுதினால் உங்கள் மூடை வேறு, அவர் மூடை வேறு. புசல் என்று சொல்பவருக்கு ஒரு புசல் ஏறக்குறைய 21 கிலோ என்று போட்டு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். கிலோமீற்றருக்கு ஐந்து கிலோ என்றால் ஐந்து கிலோமீற்றருக்கு 25 கிலோ, அதாவது ஒரு புசலுக்குச் சற்றுக் கூட. அவருக்கு அது பெரிய கணக்கில்லை. நாற்பது வீட்டில் சேர்ந்தால் உங்களுக்கு ஒரு தொன்.

மோசம் போகும் இடம் ஈரப்பதன். இயந்திரத்தால் வெட்டி நேரே சாக்கில் போட்ட நெல் ஈரமாக இருக்கும். 14 வீத ஈரத்துக்குக் காய்ந்த நெல்லுக்குத்தான் நல்ல விலை. 20 வீத ஈரத்தில் 100 கிலோ வாங்கினால், 14 வீதத்துக்குக் காயும்போது அது 93 கிலோ ஆகிவிடும். ஏழு கிலோவை ஒருவரும் திருடவில்லை. ஆனால் தாளில் 100 என்றும் ஆலைச் சிட்டையில் 93 என்றும் இருந்தால் ஊர் பொருளாளரைத்தான் பார்க்கும். தாளிலேயே “காய்ந்த நெல்” என்று அச்சடியுங்கள். ஈரமாகத்தான் தருவேன் என்றால், வாங்கும் இடத்திலேயே “ஈரம்” என்று அவர் முன்னால் எழுதி வையுங்கள்.

சிவப்பு நெல்லையும் வெள்ளை நெல்லையும் ஒரே சாக்கில் கொட்டாதீர்கள். கலந்த நெல்லுக்கு ஆலைக்காரர் இரண்டில் குறைந்த விலையைத்தான் சொல்வார். மருந்து நாறும் பழைய சாக்கு வேண்டாம். தூக்குத் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், ஒவ்வொரு வீட்டிலும் வெறும் கொக்கி பூச்சியத்தில் நிற்கிறதா என்று வீட்டுக்காரருக்குக் காட்டிவிட்டு நிறுங்கள். இரண்டு விநாடி வேலை. அது சம்பாதிக்கும் நம்பிக்கை பெரிது.

நெல்லைச் சேர்த்து வைக்கவேண்டாம். எலி, மழை, சாவி யாரிடம் என்ற கேள்வி, மூன்றும் வரும். ஒரே நாள், ஒரே உழவு இயந்திரம், ஒரே சுற்று. பின்னேரம் நெல் ஆலையில் இறங்கவேண்டும். விலையை ஆலைக்காரருடன் முதலே பேசிவைத்திருங்கள். உழவு இயந்திரக்காரரிடம் காசு கேட்காதீர்கள். அவருடைய நன்கொடை அந்த ஒருநாள் ஓட்டமும் டீசலும்தான். அதையும் தாளில் தொகையாகப் போட்டு அவருக்கும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள்.

பசு வைத்திருப்பவர்களுக்குப் பால். கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர், ஐந்து நாளைக்குத் தினம் ஒரு லீற்றர் என்று பிரித்துத் தரலாம். பால் சேகரிப்பு நிலையத்தில் கழகத்தின் பெயரில் ஒரு கணக்குத் திறந்துதரக் கேட்டால், ஊற்றுகிறவர் தன் கொப்பியில் நாலு லீற்றரும் உங்கள் கொப்பியில் ஒரு லீற்றருமாகப் பதிந்துவிடுவார். விலை கொழுப்பைப் பொறுத்து மாறும் என்பதால் லீற்றர் கணக்கை மட்டும் வாக்காக எழுதுங்கள், ரூபா வந்தபடி வரட்டும்.

கேள்வி: கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் வட்ஸ்அப்பில் “கட்டாயம் அனுப்புறம்” என்கிறார்கள். நடை முடிந்த பிறகு சத்தமில்லை. என்ன செய்யலாம்?
– புதுக்குடியிருப்பு வாசகி

பதில்: குழுவுக்குள் எல்லோருக்கும் பொதுவாகப் போடும் செய்தியை ஒருவரும் தனக்கு வந்ததாக எடுப்பதில்லை. ஆளுக்கு ஆள் குரல்பதிவு அனுப்புங்கள், அரை நிமிடத்துக்குள்: “மாமி, பத்து மாட்டுக்குப் பட்டி கட்டுறம். ஒண்டு உங்கட பேரில கட்டட்டே?” ஓம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்கவேண்டும்.

நேரத்தையும் கவனியுங்கள். தை மாதத்தில் ரொறன்ரோ நமக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னுக்கு, லண்டன் ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு. சனி காலை 6 மணிக்கு நடை தொடங்கினால் ரொறன்ரோவில் வெள்ளி இரவு 7.30. வேலையால் வந்து சாப்பிட்டுக்கொண்டு கைபேசி பார்க்கும் நேரம். நேரலையை அவர்களுக்காகப் போடுங்கள், நடக்க நடக்கத் தொகை ஏறும். லண்டனில் அப்போது நடுச்சாமம் 12.30. அவர்களுக்குச் சுருக்கிய காணொளியை எங்கள் பகல் ஒரு மணிக்கு அனுப்புங்கள், காலைத் தேத்தண்ணியோடு பார்ப்பார்கள்.

ஐம்பது பேர் தனித்தனியாகப் பத்துப் பத்து டொலர் அனுப்பினால் அனுப்புகிற கட்டணமே கணிசமாகத் தின்றுவிடும். நகரத்துக்கு ஒரு ஆளைப் பிடியுங்கள். பெரும்பாலும் சொந்தத்துக்குள் எல்லோருக்கும் கலியாண வீட்டு மொய் எழுதுகிற ஒரு மாமியோ சித்தப்பாவோ இருப்பார். அவர் சேர்த்து, பெயர்ப் பட்டியலோடு ஒரே தடவையில் அனுப்பட்டும். கணக்கு கழகத்தின் பெயரிலேயே இருக்கவேண்டும், மூவரில் இருவர் கையெழுத்து. வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல், கிளை, கணக்கிலக்கம், ஸ்விஃப்ட் குறியீடு சேர்த்து ஒரு படமாக்கி அனுப்புங்கள். தனியாளின் கணக்குக்கு ஒரு தடவை வெளிநாட்டுக் காசு வந்துவிட்டால், பிறகு அவர் வாங்கும் மோட்டார் சைக்கிளெல்லாம் நாய்க்காசில் வாங்கியதாகத்தான் ஊரில் கதைபடும்.

காசு வந்த பிறகே பட்டி கட்டிய படத்தை அனுப்புங்கள். முதலே அனுப்பினால் படத்தோடு விஷயம் முடிந்துவிடும்.

கேள்வி: தாள் கொண்டு திரிவதைத் தவிர வேறு புதுமாதிரி வழிகள் சொல்லுங்கள். காசு அதிகம் செலவழியக்கூடாது.
– மல்லாவி வாசகர்

பதில்: வன்னியில் எந்த ஊரில் பார்த்தாலும் இரண்டு விளையாட்டுக் கழகங்களுக்குள் ஒரு கொதி இருக்கும். அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு கழகமும் தனித்தனித் தாள் கொண்டுபோகட்டும். குறைவாகச் சேர்த்த கழகம் மற்றக் கழகத்தின் கரப்பந்தாட்ட மைதானத்தைச் செருக்கித் துப்புரவாக்கிக் கொடுக்கவேண்டும். சந்தியில் ஒரு பலகை வைத்து இரண்டு மொத்தத்தையும் தினம் பின்னேரம் சோக்கால் எழுதுங்கள். எழுதியது வாக்குத்தொகையா, கையில் வந்த காசா என்பதை முதல் நாளே முடிவுசெய்யுங்கள். கையில் வந்த காசை மட்டும் எழுதுவதுதான் சரி. இல்லாவிட்டால் கடைசி நாள் இரவில் இரண்டு பக்கமும் ஆகாயத்தில் தொகை ஏற்றுவார்கள்.

முடிவெட்டும் கடைக்காரர் ஒரு கிழமைக்குத் தலைக்கு 20 ரூபா தர ஒப்புக்கொள்ளலாம். தலையை யார் எண்ணுவது என்பதில்தான் இது படுத்துவிடும். கண்ணாடிக்கு முன்னால் ஒரு வெறும் போத்தல், பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையச் சோடா மூடி. முடி வெட்டி எழும்புகிறவர் தானே ஒரு மூடியை எடுத்துப் போத்தலுக்குள் போடட்டும். சனி இரவு மூடியை எண்ணினால் கணக்கு முடிந்தது. ஆட்டோச் சங்கத்துக்கு ஒரு ஞாயிறின் முதல் ஓட்டம். தேநீர்க்கடைக்கு நடை நடக்கும் காலை விற்கும் பிளேன்ரீ முழுவதும்.

கிலோமீற்றரை விற்கலாம். பாதையில் ஐந்து கிலோமீற்றருக்கும் ஐந்து பலகை, ஒவ்வொன்றிலும் ஒரு கடையின் பெயர். காசு தந்த கடை அந்த இடத்தில் தண்ணீர்ப் பந்தலும் போடவேண்டும், பிளாஸ்ரிக் போத்தல் இல்லாமல் பானையும் குவளையுமாக. பாதையை மோட்டார் சைக்கிள் மீற்றரில் இரண்டு தடவை அளந்து பலகையை நடுங்கள். கிலோமீற்றர்க் கணக்கில் காசு தருபவர் ஐந்து என்றால் ஐந்தே இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பார். ஏ9 வீதியில் ஏறாமல் குளக்கட்டு, வாய்க்கால் வீதிகளில் பாதை போடுவது உத்தமம். எப்படியும் பொலிசுக்கும் பிரதேச சபைக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். வீடுவீடாகச் சேர்ப்பதையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

கழகத் தலைவருக்குப் பேர்போன மீசை இருந்தால் அதுவும் ஒரு முதல். 50,000 ரூபா சேர்ந்தால் நடை முடிகிற இடத்தில் மீசையை எடுப்பார் என்று அறிவியுங்கள். தலைவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வீட்டுக்காரியிடமும்.

நாய்க்காகச் சேர்ப்பதென்றால் வைரவர் கோயிலை மறக்கவேண்டாம். வைரவரின் வாகனமே நாய். குளக்கட்டடியிலும் ஆலமரத்தடியிலும் ஒரு சூலத்தோடு வைரவர் இருக்கிற ஊர்கள் எத்தனை! மடை போடும் நாளில் நிர்வாகத்தைக் கேட்டு ஒரு உண்டியல் வைக்கலாம். கோயில் உண்டியலிலிருந்து விலகி, வேறு நிறத்தில், “தெருநாய்க் கருத்தடைக்கு” என்று பெரிதாக எழுதி வையுங்கள். திறந்து எண்ணும்போது கோயில் பக்கம் ஒருவர், கழகம் பக்கம் ஒருவர் இருக்கவேண்டும். கோயில் காசில் கை வைத்துவிட்டான்கள் என்ற பேச்சு ஒன்று கிளம்பினால் பிறகு அந்த ஊரில் நீங்கள் தாள் நீட்ட முடியாது.

கேள்வி: அதிர்ஷ்டச் சீட்டு அடித்து விற்றால் விரைவில் காசு சேருமே?
– வவுனியா வாசகர்

பதில்: சேரும். ஆனால் பரிசுச்சீட்டு விற்பது சட்டக் கட்டுப்பாடு உள்ள விஷயம். பிரதேச செயலகத்தில் கேட்டு எழுத்தில் அனுமதி இல்லாமல் அச்சகத்துப் பக்கமே போகவேண்டாம்.

கேள்வி: இரவில் வீதியில் நிற்கும் மாடுகளுக்கு மின்னும் பட்டி கட்ட நடைபவனி வைக்கிறோம். பட்டியை நாங்களே செய்யலாமா? ஒரு பட்டிக்கு எவ்வளவு என்று எப்படிக் கேட்பது?
– முல்லைத்தீவு வாசகர்

பதில்: நீங்களே செய்யலாம், செய்தால் மலிவு. நல்லதாகச் செய்யவேண்டும். மழைக்காலத்தில் தரை சேறு, நுளம்பு. தார் வீதி காய்ந்தும் வெதுவெதுப்பாயும் இருக்கிறது, மாடு அங்கேதான் வந்து படுக்கும். கறுத்த மாடு கறுத்த வீதியில். மின்னும் பட்டி அதற்குத்தான்.

ஐந்து சென்ரிமீற்றர், அதாவது இரண்டு அங்குல அகல நைலோன் நாடா எடுங்கள், வாகன ஆசனப்பட்டி மாதிரியான நெசவு. அதன்மேல் ஒளி தெறிக்கும் நாடாவை வைத்து இரு ஓரமும் இரட்டைத் தையல் போடவேண்டும். வாகன ஆசனம் தைக்கிற கடையில் தைப்பார்கள். பசை போட்டு ஒட்டினால் முதல் மாரியிலேயே கழன்றுவிடும். மாடு தலை குனிந்து மேயும்போது பட்டியின் கீழ்ப்பாதி அலைதாடிக்குள் மறையும். ஆகவே நாடா பட்டி முழுவதையும் சுற்றி இருக்கவேண்டும். நடுவில் ஒரு துண்டு தைத்தால் காணாது.

நாடா வாங்கமுன் இரவில் சோதியுங்கள். ஐம்பது அடி தள்ளி நாடாவை வைத்துவிட்டுக் கைபேசி வெளிச்சத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு பிடித்துப் பாருங்கள். ஒளி வந்த திசைக்கே திரும்பும் என்பதால் வெளிச்சத்தை இடுப்பளவில் பிடித்தால் நல்ல நாடாவும் மங்கலாகத்தான் தெரியும். பளிச்சென்று வெள்ளையாக எரியாவிட்டால் வாங்கவேண்டாம். வெயிலில் மினுங்குகிற அலங்கார நாடாவை ஒளி தெறிக்கும் நாடா என்று விற்பதும் நடக்கிறது.

இனி முக்கியமானது. பட்டி எங்காவது சிக்கினால் அறவேண்டும். முட்கம்பியிலோ கொப்பிலோ மாட்டிக்கொண்டு மாடு கழுத்து நெரிபட்டுச் செத்தால் நடைபவனியின் பெயரும் அதோடு போய்விடும். பட்டியின் இரு முனையையும் கொளுவியால் பூட்டாமல், நடுவில் பருத்திக் கயிற்றால் இணையுங்கள். ஒரு முனையைத் தூணில் கட்டி இரண்டு பேர் பலமாக இழுத்தால் அந்தக் கயிறு அறவேண்டும். அறாவிட்டால் மெல்லிய கயிற்றுக்கு மாறுங்கள். பருத்தி மழைக்கு உக்கும், ஒவ்வொரு மாரி முடிவிலும் கயிறு மாற்றவேண்டும். கழுத்தை நூலால் அளந்து, பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் ஒரு உள்ளங்கை போகிற இடம் விடுங்கள். வளர்கிற கன்றுக்குக் கட்டவேண்டாம்.

பட்டிக்கு 1.1 மீற்றர் வைத்தால் 50 மீற்றர்ச் சுருளில் கணக்கின்படி 45 பட்டி வரும். பழுது போக 42 என்று எண்ணிக்கொள்ளுங்கள். நைலோன், ஒளி நாடா, நூல், தையற்கூலி, கயிறு எல்லாவற்றையும் கூட்டி 42ஆல் பிரித்தால் ஒரு பட்டியின் விலை. அதைக் கிலோமீற்றருக்குப் பிரித்துத் தாளில் போடுங்கள். ஒரு பட்டி, அரைப் பட்டி என்று கேட்கலாம்.

பட்டிப்பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி மாலை போடும்போதே கட்டிவிடுவது நல்ல வசதி. மாடு கைக்குள் நிற்கும், சொந்தக்காரரும் முகம் மலர்ந்து நிற்பார். ஆனால் சிலர் பட்டியில் இலக்கம் கண்டால் பின்வாங்குவார்கள். கட்டாக்காலி மாட்டைப் பிரதேச சபை பிடித்தால் தண்டம் அறவிடும். உங்கள் இலக்கம் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்ற பயம். மாட்டில் ஏற்கெனவே சொந்தக்காரரின் சூட்டுக்குறி இருக்கிறது என்று வாதாடாதீர்கள். நன்கொடையாளருக்கான இலக்கத்தை உள்பக்கம் மையால் எழுதி, படம் எடுக்கும்போது மட்டும் திருப்பிக் காட்டுங்கள். படத்தில் குறியும் வீட்டு வாசலும் விழவேண்டாம்.

ரயில் பாதைக்குப் பட்டி உதவும் என்று மட்டும் தாளில் எழுதாதீர்கள். சாரதிக்கு மாடு தெரிந்தாலும் ரயில் அந்த இடைவெளியில் நிற்காது.

கேள்வி: மாணவர்களை நன்கொடை சேர்க்க அனுப்பலாமா?
– ஒட்டுசுட்டான் ஆசிரியை

பதில்: அதிபரின் அனுமதி, பெற்றோரின் கையெழுத்து இரண்டும் இருந்தால், சொந்தக்காரரிடமும் அயலிலும் மட்டும். சீருடையோடு சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் அனுப்பாதீர்கள். பிள்ளை வாக்கை எழுதி வரட்டும், காசைப் பெரியவர் போய் வாங்கட்டும். பையில் காசோடு பிள்ளை சைக்கிளில் வரக்கூடாது. ஆகக்கூடச் சேர்த்தவருக்குப் பரிசு என்றால், வெளிநாட்டில் மாமா இருக்கிற பிள்ளைதான் வெல்லும். எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கினார் என்று பார்த்துப் பரிசு கொடுங்கள்.

கேள்வி: போன தடவை தாளில் எழுதியதில் பாதிக்கு மேல் வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்க வெட்கமாக இருக்கிறது.
– பரந்தன் வாசகர்

பதில்: தரக்கூடியவரிடம் எழுதும்போதே வாங்கிவிடுங்கள், “நடந்து முடிய வாங்கிறன்” என்று நீங்களாகச் சொல்லிக் கொடுக்கிற கையைத் தடுக்காதீர்கள். மிச்சத்தை நடை முடிந்த ஒரு கிழமைக்குள் வாங்கவேண்டும். இரண்டாம் கிழமையில் ஊரில் வேறு கொடியேற்றம் வந்துவிடும். போகிறவர், முதலில் போய்க் கேட்ட அதே ஆளாக இருக்கவேண்டும். வாக்குத் தந்தது அவர் முகத்துக்கு. வேறு ஒருவர் போய் நின்றால் கடன் அறவிட வந்தவர் மாதிரி இருக்கும். வெறுங்கையோடும் போகாதீர்கள். நடந்த படம், எத்தனை கிலோமீற்றர் நடந்தது, எழுதிய தொகை மூன்றும் உள்ள சிறு துண்டு ஒன்றைக் கொடுத்தால் கேட்காமலே கை பைக்குள் போகும்.

ஒரு தடவை போங்கள், ஒரு தடவை தொலைபேசியில் நினைவூட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம், கணக்கில் வெட்டிவிடுங்கள். தராதவர் பெயரை எங்கும் ஒட்டக்கூடாது. தந்தவர்களின் கணக்கைச் சனசமூக நிலையப் பலகையில் ஒட்டுங்கள்: வந்தது, செலவு, மிச்சம். பற்றுச்சீட்டுப் புத்தகம் இலக்கமிட்ட இரட்டைப் பிரதியாக இருக்கட்டும். பிழைத்த சீட்டைக் கிழித்தெறியாமல் “இரத்து” என்று எழுதிப் புத்தகத்திலேயே விடுங்கள். சனிக்கிழமை சேர்ந்த காசு திங்கள் வரை வங்கிக்குப் போகாது, அந்த இரண்டு இரவும் யார் வீட்டில் என்று முதலே தீர்மானித்து, எண்ணிய தொகைக்கு இருவர் கையெழுத்து வையுங்கள். வைத்தியரிடம் நாள் குறிப்பது காசு கையில் வந்த பிறகுதான். தாளில் உள்ள தொகையை நம்பி இருபது நாய்க்கு நாள் வாங்கிவிட்டுப் பன்னிரண்டு நாயோடு போய் நிற்கவேண்டி வரும்.

கேள்வி: வளர்ப்பு நாய்களையும் நடையில் கூட்டிவரலாமா? பார்க்க வடிவாக இருக்கும், நன்கொடையும் கூடும்.
– தருமபுரம் வாசகி

பதில்: கூடும்தான், ஆனால் கட்டுப்பாட்டோடு. விசர்நோய் ஊசி போட்டு ஒரு மாதமாவது ஆன நாய்கள் மட்டும் வரட்டும். அட்டையைப் பதிவு மேசையில் பாருங்கள், முதல் நாள் போட்ட ஊசி கணக்கில் இல்லை. பருவத்துக்கு வந்த பெண்நாய் ஒன்று வந்தால் நடை கலைந்துவிடும், அதை வீட்டில் விட்டுவரச் சொல்லுங்கள். குட்டிகளும் வேண்டாம். ஒன்றரை மீற்றர்க் கயிறு, நாய்க்கு நாய் இரண்டு மீற்றர் இடைவெளி, பறை பாண்ட் வாத்தியத்துக்குப் பின்னால் கூடியவரை தள்ளி, வெடி அறவே கூடாது.

காலை ஆறுக்குத் தொடங்கி எட்டுக்குள் முடியுங்கள். புறங்கையைத் தாரில் வைத்து ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வேகும். கட்டுமீறி இரைத்து, பல்முரசு கடுஞ்சிவப்பாகித் தள்ளாடினால் வெப்பம் தாக்கிவிட்டது. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் சாதாரணத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வைத்தியரிடம் ஓடுங்கள்.

முதல் நாளே இருவர் பாதை முழுவதும் நடந்து, எந்த வளவில் நாய் அவிழ்ந்து நிற்கிறது என்று பார்த்து, அந்த வீடுகளில் அன்று காலை கட்டிவைக்கச் சொல்லவேண்டும். ஆரையாவது நாய் கடித்தால், ஊசி போட்ட நாய்தானே என்று விடாதீர்கள். சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்கு. அதற்கென்று ஒரு ஆட்டோவைச் சாரதியோடு நடையின் வாலில் நிறுத்திவையுங்கள்.